பழைய நீராவி எஞ்சினில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: ரயில் அருங்காட்சியகம் போனால் அறிவிப்புப் பலகையைப் படித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன். எஞ்சினில் உண்மையில் எதைக் கவனிப்பது?

பெயின்டை விடுங்கள், இரும்பைப் பாருங்கள். பலகையில் ஒரே ஓர் ஆண்டுதான் இருக்கும். ஆனால் நெடுங்காலம் ஓடிய எஞ்சினில் எல்லா உறுப்பும் ஒரே வயதில் இருப்பது அபூர்வம். பெரிய பட்டறைகளில், கொதிகலன் பழுது முடியும்வரை எஞ்சினைக் காக்கவைக்காமல், தயாராக இருக்கும் வேறு கொதிகலனை ஏற்றி அனுப்பிவிடுவது வழக்கம். 1829-இல் இங்கிலாந்தில் நடந்த எஞ்சின் போட்டியில் வென்ற ‘ராக்கெட்’ எஞ்சின்கூட அன்றைய வடிவில் இல்லை. சாய்வாக இருந்த அதன் சிலிண்டர்களைப் பின்னால் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டுக்கு இறக்கிவிட்டார்கள்.

சக்கரத்தில் தொடங்குங்கள். முன்னாலிருந்து, இரு பக்கமும் சேர்த்து எண்ண வேண்டும். 4-6-2 என்றால் முன்னே 4, நடுவில் பிஸ்டன் இயக்கும் 6, பின்னால் 2. அந்தக் கடைசி 2 இருப்பதால்தான் அதற்கு மேலே அகலமான நெருப்பறையை (நிலக்கரி எரியும் அறை) வைக்க முடிந்தது. நடுச் சக்கரம் பெரிதானால் வேகம், சிறிதானால் இழுவை. 1938-இல் மணிக்கு 126 மைல் தொட்ட பிரிட்டிஷ் எஞ்சின் ‘மல்லார்ட்’டின் இயக்கு சக்கர விட்டம் 6 அடி 8 அங்குலம்.

அடுத்து, சக்கரங்களை இணைக்கும் ராடுகள். பல எஞ்சின்களில் இவற்றின் மேல் எண் குத்தியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பெயின்டுக்கு அடியில் இருப்பதும் தெரியும். எஞ்சின் எண்ணோடு ஒத்துப்போகவில்லையா? அந்த ராடு வேறொரு எஞ்சினிலிருந்து வந்திருக்கலாம். எனக்கு இதுதான் எஞ்சினின் மெய்யான வரலாறு.

ஓட்டுநர் அறைக்குள் விட்டால் நீர்மட்டக் கண்ணாடிகளைத் தேடுங்கள், பெரும்பாலும் இரண்டு இருக்கும். நெருப்பறையின் கூரை எப்போதும் கொதிகலன் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மட்டம் குறைந்தால் கூரைத் தகடு பழுக்கக் காய்ந்து, வலுவிழந்து, கொதிகலன் வெடிக்கும். அதற்கு முன்பே எச்சரிக்கத்தான் கூரையில் ஈயம் நிரப்பிய திருகு ஒன்று உண்டு. ஈயம் உருகினால் நீராவி நெருப்பின் மேல் பீறிடும்.

திறந்தவெளியில் நிற்கும் எஞ்சினில் முதலில் புகைபோக்கியைப் பாருங்கள். மூடி இல்லையென்றால் மழைநீர் உள்ளே இறங்கி, கரிச்சாம்பலிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, புகைபோக்கிக்குக் கீழே உள்ள புகைப்பெட்டியின் அடித்தகட்டைத் தின்றுவிடும். மேலே புதுப் பெயின்ட் மின்னும், அடியில் ஓட்டை விழுந்திருக்கும். பராமரிப்பு எப்படி என்பதை இந்த ஒரு மூடியே சொல்லிவிடும்.

ஓடும் எஞ்சின் என்றால் விடியற்காலையிலேயே ஷெட்டுக்குப் போக அனுமதி கேளுங்கள். ஆறிய பெரிய கொதிகலனில் நீராவி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் தகடுகள் சீரில்லாமல் விரிந்து, குழாய் முனைகள் கசியும். அந்தப் பொறுமையான வேலைதான் காணத்தக்கது, ரயில் கிளம்புவது அதற்குப் பிறகுதான். பயணத்தைத் திட்டமிடும் முன் கொதிகலனின் பாதுகாப்புச் சான்று எதுவரை செல்லும் என்றும் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1,472 இயக்க நாள் அல்லது 15 ஆண்டு, எது முந்துகிறதோ அதற்குள் முழுதாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

கொதிகலன் உறை கிழிந்து வெள்ளை நார் தெரிந்தால் தொடாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.