அபாயகரமான சரக்கு ஏற்றும் லோரி ஓட்டுநர், ஓய்வு நேரத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாதா?

பட்டர்வொர்த்தில் இரசாயன டேங்கர் ஓட்டும் தம்பிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அரை மணி ஓய்வு உண்டு, ஆனால் அந்த நேரத்திலும் லோரியிலேயே உட்கார்ந்து காவல் இருக்க வேண்டும், அமெரிக்காவிலேயே அப்படித்தான் விதி என்று அவருடைய நிறுவனத்தில் சொன்னார்களாம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம். இதே பாதியை என்னிடமும் சொல்லித்தான் பல ஆண்டுகள் வேலை வாங்கினார்கள்.

நான் 26 ஆண்டுகள் லோரி ஓட்டியவன். அதில் 11 ஆண்டுகள் பட்டர்வொர்த்தை ஒட்டிய பிறை என்ற ஊரிலிருந்து டேங்கர் ஓட்டினேன். பெரும்பாலும் காஸ்டிக் சோடா என்ற தோலை அரிக்கும் காரத் திரவம், சில காலம் கந்தக அமிலம். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் என் தொழிலைத் தொடும் விதிகளை மகனை உட்கார வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வழக்கறிஞர் யாராவது திருத்தினால் தலை வணங்கி ஏற்றுக்கொள்கிறேன். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் ஒரு முறைகூடச் சரக்கு ஏற்றிப் போகாதவர்கள் வந்து, "ஓட்டுநர்களுக்குச் சோம்பல்" என்று எழுதினால் அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

முதலில் அமெரிக்க விதி. அங்கே சரக்கு லோரி ஓட்டுநர் மொத்தம் 8 மணி நேரம் ஓட்டிவிட்டால், மேற்கொண்டு ஓட்டுவதற்கு முன் 30 நிமிட இடைவெளி விட்டாக வேண்டும். இந்த அரை மணி விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது, 2020இல் தளர்த்தப்பட்டது. தளர்த்திய பிறகு, ஓட்டாமல் வேறு வேலை செய்த நேரத்தையும் அந்த அரை மணியாகக் கணக்குக் காட்டலாம். உங்கள் தம்பியின் நிறுவனம் பிடித்துக்கொண்டது வேறொரு வரியை. வெடிபொருள் ஏற்றிய வண்டியை அங்கே ஒரு கணமும் தனியாக விடக் கூடாது. ஓட்டுநர் அதிலேயே விழித்திருக்க வேண்டும், அல்லது 100 அடிக்குள் மறைப்பில்லாமல் வண்டி கண்ணில் படும்படி நிற்க வேண்டும். வண்டியிலுள்ள படுக்கையில் படுத்திருந்தால் அது காவல் ஆகாது. அப்படிக் காவல் காக்கிறவர் அரை மணியை எப்படி எடுப்பார்? அதற்காகத்தான், வேறு வேலை எதுவும் செய்யாமல் காவல் மட்டும் இருந்தால் அந்த நேரத்தையே இடைவெளியாகக் கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள்.

சொல்லாமல் விட்ட பாதி இதுதான்: அந்தக் காவல் நேரத்தை ஓட்டுநர் தன் பதிவேட்டில் பணி நேரம் என்றே எழுத வேண்டும். ஓய்வு என்று எழுத முடியாது. வண்டியைக் காப்பதும் வேலைதான் என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நான் ஏற்றிய காஸ்டிக் சோடா வெடிபொருளும் அல்ல. மற்ற அபாயச் சரக்கானால், பொதுச் சாலையிலோ அதன் ஓரத்திலோ நிற்கும்போதுதான் ஓட்டுநர் கூடவே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இன்னொன்றும் உண்டு. ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அதையும் வேலைக்கு வந்ததிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், சரக்கு ஏற்றக் காத்துக் கிடந்த நேரமும் அந்த 14இல் அடங்கும். இந்தக் கடைசி வரியை மகன் படித்தபோது மறுபடியும் படி என்றேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம் மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு இருக்கிறது. குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்கக் கூடாது. 30 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளி அந்த ஐந்து மணித் தொடரை அறுக்காது. ஆகவே கழிப்பறைக்குப் பத்து நிமிடம், டயரைத் தட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் என்று மூன்றைச் சேர்த்து அரை மணிக் கணக்குக் காட்டினால் அது செல்லாது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்ததை 2023 ஜனவரி 1 முதல் 45 ஆகக் குறைத்ததும் இதே பிரிவில்தான். ஆனால் இதில் ஒரு விலக்கும் உண்டு: இடைவிடாமல் நடக்க வேண்டிய, ஆள் எப்போதும் கூடவே இருக்க வேண்டிய வேலையானால் எட்டு மணி நேரம் தொடர்ந்து வாங்கலாம். அதற்குள் சாப்பிடுவதற்காக மொத்தம் 45 நிமிடமாவது கொடுக்க வேண்டும். உங்கள் தம்பியின் நிறுவனம் நாளைக்கு இதைத்தான் நீட்டும். என்னிடம் நீட்டினார்கள்.

2011, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. அதிகாலை ஐந்து மணிக்குப் பிறையிலிருந்து காலி டேங்கருடன் கிளம்பினேன். நண்பகலில் கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். ஆலையில் பம்பு பழுது. வரிசையில் எனக்கு முன்னால் ஆறு வண்டிகள். ஏழு மணி நேரம் காத்திருந்தேன். "ஏழு மணி நேரம் சும்மாதானே இருந்தாய்" என்று பிறகு கேட்டார்கள். ஆலைக்குள் இயந்திரத்தை நிறுத்திவைக்க வேண்டும், வண்டிக்குள் படுக்கக் கூடாது. வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்த வேண்டும். எண்ணைக் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் கடைசிக்குப் போக வேண்டும். தகரக் கூரையின் கீழ், பெஞ்சு நுனியில் உட்கார்ந்து ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்துக்கொண்டு ஏழு மணி நேரம் இருந்து பாருங்கள், அது ஓய்வா என்று தெரியும்.

இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்தேன். காஸ்டிக் சோடா தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். எடை வரம்பு முதலில் வந்துவிடும், தொட்டி நிறையாது. மேலே வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடம்தான் ஆபத்து. உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும் பிரேக் போட்டால் திரவம் முன்னால் வந்து முதுகில் மோதுவது போல இடிக்கும். அந்தத் திரவம் கையில் பட்டால் முதலில் எரியாது, சோப்பு போல வழுக்கும். எரிச்சல் தெரியும்போது தோல் போயிருக்கும். பின்னால், காஸ்டிக் சோடா திரவத்தைக் குறிக்கும் 1824 என்ற எண் எழுதிய பலகையோடு போகும் வண்டியை ஓட்டுபவன், கண் அசந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியவன் அல்ல.

தாப்பாவில் பத்து நிமிடம் நிறுத்தினேன். சுங்கை பேராக் ஓய்வுத் தளத்தில் அரை மணியாவது கண்ணை மூடிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. பெருநாளுக்கு ஊர் திரும்பும் கார்கள் லோரி நிறுத்தம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றன. கார்களுக்குள் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இடமில்லை. கடைகளை ஒட்டி நிறுத்தப் போனேன். காவலாளி ஓடி வந்து, டேங்கர் இங்கே கூடாது, போ போ என்று கையை ஆட்டினார். அவர் சொன்னதும் சரிதான். சரி, கூனோங் செமாங்கோல் ஓய்வுத் தளத்துக்குப் போய்விடலாம் என்று கிளம்பினேன்.

சங்காட் ஜெரிங் என்ற பெயர்ப் பலகையைப் படித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது சக்கரத்துக்குக் கீழே கடகடவென்ற ஒலி. சாலையோரக் கோட்டில் இடப்பக்க டயர்கள் ஏறியிருந்தன. ஸ்டீயரிங் வளையத்தை மெல்லத்தான் திருப்பினேன், அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. வண்டி திரும்பியது. உள்ளே இருந்த திரவம் ஒரு நொடி கழித்துத் திரும்பியது. அந்த ஒரு நொடியில் பின்பக்கம் தூக்குவதை இடுப்பில் உணர்ந்தேன். வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து அவசரத் தடத்தில் நிறுத்தினேன். முக்கோணப் பலகையை வைத்துவிட்டுத் தடுப்புக்கு அப்பால் போய் உட்கார்ந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை. கண்ணை மூடவும் முடியவில்லை. பின்னால் ஒருவன் வந்து மோதினால் என்ன ஆவது என்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்தது. வயதான மலாய்க்காரர். விரட்டுவார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். "பாக்சிக் (மாமா), என்னால் இப்போது ஓட்ட முடியாது" என்றேன். அவர் தன் வண்டியை என் டேங்கருக்குப் பின்னால் விளக்குச் சுழல நிறுத்தினார். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் அந்தப் புல்லில் சாய்ந்துகொள்" என்றார். அரை மணி தூங்கினேன். அவர் எழுப்பினார். பிறகு ஒரு தடங்கலும் இல்லாமல் பிறை வந்து சேர்ந்தேன். அந்த 11 ஆண்டுகளில், சரக்கோடு இருந்தபோது எனக்குக் கிடைத்த உண்மையான ஓய்வு அந்த அரை மணிதான். வேறொருவர் வண்டியைப் பார்த்துக்கொண்டதால் அது ஓய்வானது. உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் இதுவே. காவல் இருப்பவனுக்கு ஓய்வு இல்லை. ஓய்வு கொடுக்க வேண்டுமானால் காவலுக்கு இன்னோர் ஆள் வேண்டும், அல்லது வேலி போட்ட நிறுத்தம் வேண்டும். முன்பு உதவியாள் ஒருவர் கூட வருவார், கெலிண்டான் என்போம். செலவைக் குறைக்க எங்கள் நிறுவனம் முதலில் நிறுத்தியது அவரைத்தான்.

மறுநாள் மேலாளர் ஜிபிஎஸ் தாளை மேசையில் போட்டார். வண்டி நின்ற நேரம் 71 நிமிடம். அந்த டிரிப்புக்கான படியில் 80 ரிங்கிட் பிடித்தார்கள். நான் ஐந்து மணி விதியைச் சொன்னேன். "உன்னுடையது ஆள் கூடவே இருக்க வேண்டிய வேலை, உனக்கு அது பொருந்தாது" என்றார் கணக்கர். சரி, அப்படியே இருக்கட்டும். எட்டு மணி நேரத்துக்குள் 45 நிமிடம் சாப்பாட்டு நேரம் எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. அதன் பிறகு எனக்கு நீண்ட டிரிப்புகள் குறைந்தன. இரண்டு ஆண்டுகளில் நானே விலகிவிட்டேன்.

ஓய்வைப் பற்றி எழுதும்போது என் அப்பாவின் நினைவு வருகிறது. அவரும் லோரிக்காரர்தான். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும் வரை, தீவுக்குப் போக வேண்டுமானால் லோரியை ஃபெரியில்தான் ஏற்ற வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டுப் படியேறி மேலே போய்க் கடற்காற்றில் நிற்பார். ஓட்டுகிற பொறுப்பு அந்தச் சிறிது நேரம் வேறொருவர் கையில் இருக்கும். ஒரு நாளில் முதுகு நிமிர்வது அங்கேதான் என்பார். 2021 முதல் அந்த ஃபெரியில் கார்கூட ஏற்றுவதில்லை. நடப்பவர்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்காரர்களும் மட்டுமே போகலாம். பழைய மஞ்சள் படகுகளை ஓரங்கட்டியபோது, சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க எதையாவது விட்டுவைப்பதைப் பற்றிப் பேசினார்கள். அதில் தினமும் போய்வந்த வேலைக்காரர்களை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னால் பழங்கதை பேசுகிறேன் என்பார்கள். சொல்லட்டும். இரண்டு பாலம் இருக்கிறதே என்பார்கள். பாலத்தில் நாம்தானே ஓட்ட வேண்டும்?

உங்கள் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைத் தனியே விட்டுப் போகச் சொல்லி நான் யோசனை கூறவில்லை. அப்படி எழுதியதாக யாரும் திரிக்க வேண்டாம். சரக்கு காஸ்டிக்கோ பெட்ரோலோ, ஆளில்லாத சாலையோரத்தில் விட்டுப் போவது தவறு. அவர் கேட்க வேண்டியது இரண்டு. காவல் இருக்கும் அரை மணியைப் பணி நேரமாக எழுதித் தருவார்களா? எந்த இடத்தில் நிறுத்தி, யார் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் கண்ணை மூட வேண்டும்? இரண்டையும் வாய்மொழியாகக் கேட்க வேண்டாம், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேட்கட்டும். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சான்று இருக்கும், தொழிலாளர் இலாகாவுக்குப் போகும் நாளில் அது உதவும்.

அதுவரை ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆலைக்குள் நுழைந்த நேரம், வரிசையில் நின்ற நேரம், வெளியே வந்த நேரம், எங்கே நிறுத்தினார், இடம் கிடைத்ததா இல்லையா, எல்லாவற்றையும் அன்றன்றே எழுதட்டும். ஜிபிஎஸ் தாளில் வண்டி நின்றது மட்டும்தான் இருக்கும், ஏன் நின்றது என்பது இருக்காது. நான் 2011க்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினேன், நான்கு நோட்டுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.