பைபாஸ் பண்ணியும் ஸ்கேன்ல அடைப்புன்னு வந்திருக்கே?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 62 வயசு, சுகர் இருக்கு, ஊரு உசிலம்பட்டி பக்கம். நாலு மாசத்துக்கு முன்னாடி வலது கால்ல பைபாஸ் பண்ணாங்க, பெருவிரல் புண்ணும் ஆறிருச்சு. போன வாரம் எடுத்த டாப்ளர் ஸ்கேன்ல தொடை ரத்தக்குழாய் முழு அடைப்புன்னு இருக்கு, அதுக்குக் கீழயே கிராஃப்ட் பேட்டன்ட், கீழ்த் தையல்கிட்ட வேகம் 210னு போட்டிருக்கு. ஆபரேஷன் ஃபெயிலா? அப்பா ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல.

பதில்: மொதல்ல அப்பாவ சாப்பிட வைங்க தம்பி. அந்த அடைப்பு இருந்ததாலதான் ஆபரேஷனே பண்ணாங்க. அடைச்ச குழாய அப்படியே விட்டுட்டு, பெரும்பாலும் கால்லயே ஒரு சிரைய எடுத்து, உள்தொடையில நீளத் தழும்பு இருக்கும் பாருங்க அதுதான், மேல ஒரு தையல் கீழ ஒரு தையல் போட்டு ரத்தத்துக்கு சுத்து வழி விடுவாங்க, அதனால இனி எப்ப ஸ்கேன் எடுத்தாலும் பழைய குழாய் அடைப்புன்னுதான் வரும். கிராஃப்ட் பேட்டன்ட்னா புது வழி தொறந்திருக்குன்னு அர்த்தம்.

ஆனா அந்த 210அ விட்றாதீங்க. வாய்க்கால் குறுகுற எடத்துல தண்ணி விரட்டி ஓடும்ல, அதே கதைதான், செகண்டுக்கு 210 சென்டிமீட்டர்னா தையல்கிட்ட கொஞ்சம் சுருக்கம் இருக்கலாம். அதுக்கு செத்த மேல கிராஃப்ட்ல எவ்வளவுன்னு ரிப்போர்ட்ல தேடுங்க, அங்க 90னா ரெண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேலதான், நடுத்தரச் சுருக்கம், ஒண்ணு ரெண்டு மாசத்துல மறுபடி ஸ்கேன் எடுத்து பாக்கலாம். 300 தாண்டி, மூணரை மடங்குக்கும் மேல போனாத்தான் பலூன் வச்சு சுருக்கத்த விரிக்கிற பேச்சு வரும். கிராஃப்ட் நடுவுல வேகம் 45க்குக் கீழ இருந்தா அதையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. சிரை கிராஃப்ட்ல சுருக்கம் பெரும்பாலும் முதல் வருஷத்துலதான் வரும், கால் நல்லாருக்குன்னு செக்கப்ப விடக்கூடாது. போறப்ப பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க, ஏத்தமா இறக்கமான்னு அத வச்சுத்தான் தெரியும். ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க, பீடி இருந்தா இன்னிக்கே விடச் சொல்லுங்க.

திடீர்னு பாதம் சில்லுன்னு வெளுத்து, மரத்து, விரல அசைக்க முடியலன்னா ஸ்கேன் சென்டர் தேடி அலையாதீங்க தம்பி, 108அ கூப்ட்டு ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா வாங்க, ராத்திரியானாலும் சரி, விடியட்டும்னு காத்திருந்தா கால் போயிரும்.