ஃபெஸ்: மேலே தங்குங்கள், கீழே இறங்குங்கள், டாக்சியில் திரும்புங்கள்

கேள்வி: "வரும் அக்டோபரில் மொராக்கோ போகிறோம். ஃபெஸ் நகரில் மூன்று இரவு. நான், என் கணவர், 67 வயதான மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். பழைய நகரத்துக்குள் ரியாத் வீட்டில் தங்கலாமா, புதுநகரத்து ஓட்டல்தான் சரியா? எங்கே சாப்பிடுவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?"

ரியாத்திலேயே, அதாவது நடுவே முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதியிலேயே தங்குங்கள். முழங்கால் வலிக்குப் பயந்து புதுநகரத்துக்குப் போய்விட வேண்டாம். ஆனால் படத்தைப் பார்த்து ரியாத்தை முடிவு செய்யாதீர்கள். அது எந்த வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, டாக்சி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். ஃபெஸ்ஸில் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

ஊரின் கிடப்பு அப்படி. ஃபெஸ் எல் பாலி எனப்படும் பழைய நகரம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. மேற்கு விளிம்பில், உயரத்தில் பாப் பூ ஜுலூத் என்னும் நீல வாசல். கிண்ணத்தின் அடியில் ஆறும் கரவியீன் பள்ளிவாசலும். 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்ரீஸ் வம்சத்தார் தொடங்கிய ஊர் இது. 1981 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். மதில் சூழ்ந்த இந்தச் சந்துகளுக்குள் கார் போகாது. காஸ் சிலிண்டரிலிருந்து கல்யாணச் சீர் வரை கோவேறு கழுதை முதுகிலோ கைவண்டியிலோதான் போகும். பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" என்று குரல் வந்தால் யோசிக்காமல் சுவரோடு ஒட்டி நின்றுவிடுங்கள். "வழி, வழி" என்று பொருள். பாரம் ஏற்றிய கழுதை உங்களுக்காக நிற்காது.

மேலிருந்து கீழே இறங்கி நடப்பது சுகம். திரும்பி ஏறுவதுதான் வாட்டிவிடும். கிண்ணத்தின் அடியிலேயே ர்சீஃப் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்கே வண்டி வரும். ஆகவே காலையில் மேலிருந்து இறங்குங்கள், மதியம் ர்சீஃபில் டாக்சி பிடித்து மேலே வந்துவிடுங்கள். மாமியார் ஒரு மேடுகூட ஏற வேண்டியிராது. அவரை அழைத்துப் போவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தங்க உங்களுக்கு நான் சொல்வது பத்ஹா சதுக்கத்தின் சுற்றுப்புறம். சதுக்கம் வரை டாக்சி வரும், நீல வாசலும் பக்கம். வடக்கே அய்ன் அஸ்லித்தன் என்ற இடத்தில் கார் நிறுத்தம் இருக்கிறது. அதன் பக்கத்து வீடுகளும் சரிதான், ஆனால் சந்துகள் சரிவாகப் போகும். ர்சீஃப் பக்கம் சந்தை இரைச்சல் அதிகம். செலவு செய்யலாம் என்றால் கிழக்கே பாலே அமானி. ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றமும் சமையல் வகுப்பும் அங்கே பேர்போனவை. புதுநகரம் பிரெஞ்சுக்காரர்கள் 1912க்குப் பிறகு கட்டியது. அகலமான சாலை, லிஃப்ட், ரயில் நிலையத்தை ஒட்டியே இபிஸ் ஓட்டல். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் சாயங்காலம் பழைய நகரத்தின் கூச்சல் அடங்கி, முற்றத்து நீரூற்றின் சத்தம் மட்டும் கேட்கும் அந்த ஒரு மணி நேரம் அங்கே கிடைக்காது. இவ்வளவு தூரம் போய் அதை விடக்கூடாது.

பதிவு செய்யும் முன் வீட்டுக்காரரிடம் நாலு விஷயம் எழுதிக் கேளுங்கள். டாக்சி எங்கே நிற்கும், அங்கிருந்து எத்தனை நிமிடம்? வழியில் படிக்கட்டு உண்டா? தரைத்தளத்தில் அறை இருக்கிறதா? காலை உணவு கீழே முற்றத்திலா, மொட்டைமாடியிலா? கடைசிக் கேள்வியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்த வீடுகளின் மாடிப்படி ஒடுக்கமானது, செங்குத்தானது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயரம் ஒன்றாக இராது. மூன்று மாடி ஏறித்தான் ரொட்டி சாப்பிட வேண்டும் என்றால் உங்கள் மாமியாருக்கு நாள் தொடங்கும்போதே கால் போய்விடும். தரைத்தள அறையில் ஒரு குறை உண்டு. ஜன்னல்கள் தெருவைப் பார்த்திராமல் முற்றத்தைப் பார்த்திருப்பதால் வெளிச்சம் மட்டு. பரவாயில்லை, வாங்கிக்கொள்ளுங்கள்.

"வாசலிலிருந்து 5 நிமிடம்" என்று போட்டிருப்பதை நம்பி நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். அந்த 5 நிமிடம் வழி தெரிந்தவருக்கு. இரவு பத்து மணிக்குக் கையில் பெட்டியோடு, உயர்ந்த சுவர்களுக்கு நடுவே போனில் இருந்த வரைபடமும் குழம்பிவிட, ஒரே குழாயடிக்கு மூன்று தடவை வந்து நின்றோம். பச்சையும் நீலமுமாய் ஓடு பதித்த அந்தக் குழாயடி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் முதல் நாள் கட்டாயம் ஆள் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிகளை ஏற்றிக்கொள்ள 'கரோசா' என்னும் கைவண்டியோடு வருவார். வண்டிக்காரருக்கு என்ன கூலி என்பதையும் வீட்டுக்காரரிடமே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கசாபிளாங்காவிலிருந்து ரயிலில் வந்தால் ஏறக்குறைய 4 மணி நேரம். ஊருக்குள் ஓடும் சிவப்பு 'பெத்தி டாக்சி'யில் அதிகபட்சம் 3 பேர்தான் ஏற்றுவார்கள். உங்களுக்குக் கச்சிதம். மீட்டர் போடச் சொல்லுங்கள். இரவில் கட்டணம் ஒன்றரை மடங்கு, அது சட்டப்படிதான்.

முழுதாகக் கிடைக்கும் முதல் நாளை அந்த இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் நாளை மாற்றிவிடுங்கள், தொழுகைக்காகப் பெரும்பாலான கடைகள் மூடிவிடும். காலை 9 மணிக்கு நீல வாசல். வெளிப்பக்கம் நீலம், உட்பக்கம் பச்சை. 1913இல் கட்டியதுதான், அவ்வளவு பழசு இல்லை. உள்ளே நுழைந்ததும் தலா கெபீரா, தலா ஸ்கீரா என்று பெரிய தெருவும் சின்னத் தெருவுமாக இரண்டு கீழே இறங்கும். பெரியதைப் பிடியுங்கள். சில நிமிடத்தில் பூ இனானியா மதரசா வந்துவிடும்.

ஃபெஸ்ஸில் ஒரே ஒரு கட்டடம் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மரினித் வம்சத்துச் சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டியது. முற்றத்தில் நின்று சுவரைக் கீழிருந்து மேலே பாருங்கள். இடுப்பு உயரம் வரை 'ஸெல்லீஜ்' என்னும் ஓட்டு வேலை. ஒவ்வொரு துண்டும் உளியால் தனித்தனியாகக் கொத்திச் சேர்த்தது. அதற்கு மேல் மெழுகில் கிள்ளி எடுத்ததுபோல் சுண்ணச் சாந்துச் சிற்பம். அதற்கும் மேலே கருத்துப்போன தேவதாரு மரம். கீழே கண்ணைப் பறிக்கும் நிறம், நடுவில் வெளுப்பு, மேலே இருட்டு. மாமியாரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அரை மணி இருங்கள். இங்கே இன்றும் தொழுகை நடக்கிறது, அந்த நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

பிறகு அவசரப்படாமல் இறங்குங்கள். வழியில் பொது அடுப்பு ஏதாவது கண்ணில் படும். 'ஃபெர்ரான்' என்பார்கள். வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணி மூடிக் கொண்டுவந்து கொடுத்து, சுட்ட ரொட்டியாக வாங்கிப்போவார்கள். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அடுப்புக்காரருக்குத் தெரியும்.

தெரு கடைசியில் வாசனைப் பொருள் கடைகளுக்கு வந்து சேரும். அங்கே அத்தாரீன் மதரசா, 1323–25இல் கட்டியது. சின்னது, வேலைப்பாட்டில் பூ இனானியாவுக்குக் குறைந்ததில்லை. மாடிப்படி ஏற வேண்டாம், முற்றமே போதும். அதை ஒட்டித்தான் கரவியீன் பள்ளிவாசல். துனிசியாவின் கைருவானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி, 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தனக்கு வந்த சொத்தைப் போட்டுக் கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. கதவு திறந்திருக்கும்போது வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம். வாசலை மறிக்காமல், தொழுபவர்களைப் படம் எடுக்காமல் பாருங்கள்.

மறுபுறம் செஃபாரீன் சதுக்கம், செம்புப் பாத்திரக் கன்னார்கள் இடம். முதலில் சத்தம்தான் வரும். ஒருவர் தட்டும் தாளத்துக்கு இடையில் இன்னொருவரின் தட்டு வந்து விழும். ஊர் விருந்துக்குச் சமைக்கும் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு விளிம்பை அடித்துக்கொண்டிருப்பார்கள். இந்தச் சதுக்கத்தில்தான் கரவியீன் நூலகம் இருக்கிறது. ஃபெஸ்ஸில் பிறந்த அஸீஸா ஷவுனி என்ற கட்டடக்கலைஞர் அதைச் செப்பனிட்டு, 2016இல் வேலை முடிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, புதினாவைத் திணித்த கண்ணாடி டம்ளரில் தேநீர் வாங்கிக்கொண்டு வேடிக்கை பாருங்கள். சர்க்கரை குறைவு என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இங்கிருந்து ர்சீஃப் கூப்பிடு தூரம்.

ஷுவாரா தோல் பதனிடும் இடத்தைப் பற்றி யோசித்தே சொல்கிறேன். படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் அந்த வண்ணத் தொட்டிகள் இங்கேதான். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும். முன்னது முடியை உதிர்க்கும், பின்னது தோலை இளக்கும். மற்றவற்றில் சாயம். இடுப்பளவு இறங்கி நின்று மிதிக்கிறார்கள். சுற்றியுள்ள தோல் கடைகளின் மேல்தளத்திலிருந்துதான் பார்க்க முடியும், அதற்கு நிறையப் படி ஏற வேண்டும். நாற்றம் கடுமை. மூக்கில் வைத்துக்கொள்ளக் கையில் ஒரு புதினாக் கொத்து தருவார்கள். நீங்களும் கணவரும் மட்டும் முறை வைத்துப் போய்வாருங்கள், மாமியார் செஃபாரீனில் உட்கார்ந்திருக்கட்டும். இலவசம் என்று கூட்டிப்போனாலும் இறங்கும்போது ஏதாவது வாங்கச் சொல்வார்கள். வாங்காவிட்டால் சிறு தொகை கொடுத்துவிட்டு வருவது நியாயம். "இந்த வழி மூடியிருக்கிறது, நான் காட்டுகிறேன்" என்று வரும் பையன்களிடம் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) சொல்லி நடையை நிறுத்தாமல் போங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் அரசு அடையாள அட்டை உள்ளவரை ரியாத் மூலமாக அரை நாளுக்கு வையுங்கள். பெரியவரோடு போகும் உங்களுக்கு அது நல்ல செலவு.

இனி சாப்பாடு. "காய்கறி மட்டும்" என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அந்தக் காய் எந்தச் சாற்றில் வெந்தது என்பதுதான் விஷயம். ஏழு காய் போட்ட கூஸ்கூஸ் என்னும் ரவைச் சாப்பாடு பெரும்பாலும் இறைச்சியோடு சேர்ந்தே வேகும். பரிமாறும்போது துண்டை எடுத்துவிட்டுத் தருகிற இடங்களும் உண்டு. ஏமாற்றும் எண்ணத்தில் செய்வதல்ல, அவர்கள் கணக்கில் அது காய்தான். ஹரீரா சூப்பிலும் இறைச்சித் துண்டோ சாறோ இருக்கும். காலை உணவில் 'ஹ்லீ' என்று எது வந்தாலும் தொட வேண்டாம், கொழுப்பில் போட்டு வைத்த உப்புக்கண்டம். 'ப்லா லஹம், ப்லா தஜாஜ், ப்லா மர்க்கா', அதாவது கறி, கோழி, சாறு எதுவும் வேண்டாம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு தாளில் அரபியில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பயமில்லாமல் சாப்பிடக்கூடியது 'பிஸ்ஸாரா'. காய்ந்த ஃபாவா பருப்பைப் பூண்டோடு குழைய வேகவைத்த கூழ். ஏழைகளின் காலைச் சாப்பாடு, குளிர் நாளில் எல்லோருக்கும். சந்தைத் தெருக்களில் சாய்த்து வைத்த பானையிலிருந்து கரண்டியால் மொண்டு ஊற்றி, மேலே ஆலிவ் எண்ணெயை வட்டமாக விட்டு, சீரகப்பொடி தூவித் தருவார்கள். சீரக வாசனை எழும்பியதும் மாமியாருக்கு அன்னியம் விட்டுப்போகும். அதோடு ஸாலூக் கேளுங்கள். சுட்ட கத்தரிக்காயும் தக்காளியும் மசித்தது, நம் கொத்சுக்கு ஒன்றுவிட்ட உறவு. குடமிளகாயில் செய்யும் தக்தூக்கா, சீரகம் போட்ட கேரட், ஆலிவ், ரொட்டி. மசமன், ஹர்ஷா ரொட்டிகளைத் தேனோடு காலையில் தரச் சொல்லுங்கள், அவற்றில் வழக்கமாக முட்டை கிடையாது. எள்ளும் தேனுமாய் இருக்கும் ஷெபாக்கியா என்ற இனிப்பின் மாவில் முட்டை சேர்ப்பார்கள், அவருக்கு வேண்டாம். அக்டோபரில் மாதுளைச் சாறு நன்றாக இருக்கும்.

நீங்களும் கணவரும் அசைவம் என்றால் பஸ்தீலாவை விடாதீர்கள். மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே புறாக்கறியும் பாதாமும், மேலே பட்டைப்பொடியும் சர்க்கரையும். இப்போது பல இடங்களில் கோழிதான். பூ இனானியாவுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் கஃபே க்ளாக் ஒட்டகக்கறி பர்கருக்குப் பேர்போனது, சைவமும் கிடைக்கும், ஆனால் உள்ளே படி அதிகம். இரவுச் சாப்பாட்டை ரியாத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே சொன்னால்தான் சமையற்காரம்மா சந்தைக்குப் போய் அன்றைய காயை வாங்கிவருவார். சாற்றைத் தவிர்த்துத் தனியாகச் சமைக்கச் சொல்லவும் அங்கேதான் முடியும். மூன்று இரவில் இரண்டையாவது இப்படி வையுங்கள்.

இரண்டாம் நாள் சமதளமான பகுதி. 1276இல் மரினித்கள் எழுப்பிய ஃபெஸ் ஜ்தீத். அரண்மனையின் பித்தளைக் கதவுகளை வெளியிலிருந்து பார்க்கலாம், காவலர்களைப் படம் எடுக்காதீர்கள். பக்கத்தில் மெல்லாஹ், யூதர்கள் வாழ்ந்த பகுதி. தெருவைப் பார்த்து மர பால்கனி வைத்த வீடுகள் இங்கேதான், பழைய நகரத்தில் அப்படிக் கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் இப்ன் தனான் ஜெப ஆலயம் சிறியது, அமைதியானது. திரும்பும் வழியில் ஜ்னான் ஸ்பீல் பூங்காவில் நிழல் உண்டு, திங்களன்று மட்டும் மூடியிருக்கும். பக்கத்து ஊரான மெக்னெஸும் ரோமானிய இடிபாடுகள் உள்ள வொலுபிலிஸும் போய்வரச் சொல்லி எல்லோரும் தூண்டுவார்கள். மூன்று இரவில், இந்தக் காலோடு, நான் போகமாட்டேன். வொலுபிலிஸ் முழுக்க மேடுபள்ளம், நிழல் கிடையாது.

ஒரு சாயங்காலம் மட்டும் டாக்சி எடுத்து வடக்குக் குன்றில் போர்ஜ் நோர் கோட்டை அருகே இறங்குங்கள். டாக்சியைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். நீங்கள் இறங்கி நடந்த கிண்ணம் முழுக்கக் கண்முன் கிடக்கும். பொழுது சாயும்போது ஒரு பள்ளிவாசலில் பாங்கு தொடங்கும், அது முடியுமுன் அடுத்தது, பிறகு எல்லாத் திசையிலிருந்தும். இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள்.

ரியாத்துக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். தரைத்தள அறை, பத்ஹாவில் கரோசாவோடு ஆள், முதல் இரவே முட்டையும் இறைச்சிச் சாறும் இல்லாத சாப்பாடு. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தபிறகு பணம் கட்டுங்கள்.