விரதம் முடியும்வரை செர்ட்ராலினை நிறுத்தி வைக்கலாமா?

மனச்சோர்வு, பதற்றத்துக்குத் தருகிற செர்ட்ராலின் மாத்திரை 50 மில்லிகிராம் தொடங்கி ஒரு வாரம், குமட்டலும் வயிற்றுப்போக்கும் படுத்துகிறது, தைப்பூசக் காவடி விரதமும் வந்துவிட்டது, அது முடியும்வரை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். நானும் உங்களைப் போல தென்னாப்பிரிக்காவின் டர்பன்தான், அதே மாத்திரை, அதே விரதம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இப்போது விட்டால் காவடி முடிந்ததும் இந்தக் குமட்டலை முதலிலிருந்து படவேண்டும்.

இந்த மாத்திரை வேலை செய்வது செரோடோனின் என்ற ரசாயனத்தின்மேல். உடம்பிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால் மனசுக்குப் போடுகிற மாத்திரைக்கு வயிறு முதலில் முரண்டு பிடிக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போட்டால் தொல்லை கூடலாம். விரத நாட்களில் எங்கள் வீட்டில் மதியம் ஒருவேளைச் சாப்பாடு. டாக்டரிடம் கேட்டு, காலை மாத்திரையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். பருப்புச் சோறு பாதி இறங்கியதும் மாத்திரை, அப்புறம் மீதிச் சோறு. இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும். பகலில் தூங்கி வழிகிறவர்களுக்கு இரவே நல்லது.

தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் மட்டும் வேண்டாம். இங்கே ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கம் சும்மாவே ஆளைப் பிழியும். இந்த மாத்திரையும் வியர்க்க வைக்கும். வயதானவர்களுக்கு இதனால் சோடியம் குறையலாம். குழப்பம், தள்ளாட்டம் தெரிந்தால் விரதக் களைப்பு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். காவடி எடுத்த கால்வலிக்கு ஐபுபுரூஃபனும் வேண்டாம், செர்ட்ராலினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். பனாடோ (பாரசிட்டமால்) போதும்.

இருப்புக்கொள்ளாத பதற்றமோ, செத்துப்போகலாம் என்ற நினைப்போ வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் ஆரம்ப வாரங்களில் வீட்டாரும் கவனிக்க வேண்டும். மனநல உதவி தரும் தென்னாப்பிரிக்க அமைப்பான சாடாக்கின் (SADAG) உதவி எண்களில் இரவிலும் ஆள் கிடைக்கும்.

தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் இந்த மாத்திரையால் வரும். விரதத்தில் எப்படியும் தெரியாது, முடிந்தபிறகு தெரியும். குமட்டல் போல இது தானாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. நம்மவர்கள் இதை டாக்டரிடம் வாய்திறக்கக் கூசி, யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சில வாரம் பழகியபின் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடித்தாற்போன்ற உணர்வு எல்லாம் வரும். சொன்னால் டோஸைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மருந்து தருவார். நேரில் சொல்லக் கூச்சமென்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்.