பரணில் ரக்கூன், முற்றத்தில் ஸ்கங்க்: வாசகர் கேள்வி – பதில்

கனடாவில், குறிப்பாக ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் வாழும் வாசகர்கள் தங்கள் வளவுக்குள் வந்துபோகும் விலங்குகளைப் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளுக்கு இவ்விதழில் விடை தருகிறோம். காட்டுவிலங்குச் சட்டம் பற்றிச் சொல்பவை ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் பொருந்தும். குப்பைத்தொட்டி, தீனி ஆகியவை பற்றிய விதிகள் ரொறன்ரோ மாநகருக்கு மட்டும் உரியவை என்பதால், பிற நகரவாசிகள் தத்தம் மாநகர சபையிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஏப்ரல் கடைசியிலிருந்து எங்கள் படுக்கையறைக்கு மேலே, கூரைப் பரணில், இரவில் ஏதோ நடமாடுகிறது. குருவிக்குஞ்சு கத்துவது போன்ற மெல்லிய ஒலியும் கேட்கிறது. ரக்கூனாக இருக்கும், பொறிக்கூடு வைத்துப் பிடித்து ரூஜ் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: செய்ய வேண்டாம், சகோதரி. சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் விலங்கைப் பிடிப்பதற்கு ஒன்ராறியோவின் சட்டம் இடம் தருகிறது என்றாலும், உயிருடன் பிடித்ததை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்பது விதி. ஓரிடத்து விலங்கு மற்றோர் இடத்துக்கு நோயைக் கொண்டுசெல்லாதிருப்பது இவ்விதியால் கிடைக்கும் முக்கியமான நன்மை. யோர்க் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்துவரும் பேராசிரியர் சுசான் மக்டொனால்ட், ரொறன்ரோ ரக்கூன்களின் கழுத்தில் இடங்காட்டிப் பட்டி பூட்டிக் கண்காணித்தபோது, அவை பெருந்தெருக்களை எல்லையாக வைத்துக்கொண்டு, தமக்குரிய சில தெருக்களுக்குள்ளேயே வாழ்ந்துவருவதைக் கண்டார். அப்படி வாழ்ந்த விலங்கை முன்பின் தெரியாத காட்டில் இறக்கிவிட்டால், எங்கே உணவு, எங்கே பொந்து என்று அறியாமல் அது பெரும்பாலும் மடிந்துபோகும்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. நீங்கள் கேட்கும் குருவிக்குஞ்சு ஒலி, குட்டிகளின் ஒலியாகவே இருக்க வேண்டும். பெட்டை ரக்கூன் குளிர்காலத்தின் பிற்பகுதியில் சினைப்பட்டு, ஏறக்குறைய ஒன்பது வாரம் சுமந்து, ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகளை ஈனுகிறது. காட்டில் பொந்துள்ள முதுமரம் தருகிற இருள், வெதுவெதுப்பு, பகை எட்டாத உயரம் ஆகிய மூன்றையும் நகரத்தில் உங்கள் பரண் தருகிறது. அதனால்தான் தாய் அங்கே வந்திருக்கிறது. அதைப் பிடித்து அகற்றினால் கண் திறக்காத குட்டிகள் மேலேயே பட்டினி கிடந்து சாகும். அந்த நாற்றம் வாரக்கணக்கில் வீட்டுக்குள் இறங்கும். தாய் வெளியே போன நேரம் பார்த்து ஓட்டையை அடைத்தாலும் அதே கதிதான். அப்போது உள்ளே குட்டிகளின் குரலைக் கேட்கும் தாய், கூரை ஓடுகளையும் காற்றுத்துளை மூடியையும் பிய்த்தெறிந்து புதிய வழி திறக்கும். ஓர் இரவில் அது செய்யும் சேதம், அதுவரை செய்தவை அனைத்தையும் மிஞ்சிவிடும்.

பொறுத்திருக்க முடியுமானால், குட்டிகள் தாயின் பின்னே இரவில் வெளியே நடமாடத் தொடங்கும்வரை, அதாவது ஏறக்குறைய ஜூலை முடியும்வரை பொறுத்திருங்கள். அதன் பின்னர் நுழைவாயிலில் ஒருவழிக் கதவு பூட்டினால், வெளியே போனவை திரும்ப வர முடியாது. முடியாதென்றால், தாயே இடம் மாற்றும்படி செய்யலாம். சுற்றுவட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மறைவிடங்களைத் தெரிந்துவைத்திருப்பது அதன் வழக்கம். பரணுக்குள் பிரகாசமான விளக்கு ஒன்றை எரியவிட்டு, பேச்சு நிகழ்ச்சி ஒலிக்கும் வானொலியையும் வினாகிரியில் தோய்த்த துணிகளையும் அருகே வைத்துவிட்டால், பெரும்பாலும் சில இரவுகளுக்குள் அது குட்டிகளைப் பிடரியில் கவ்வி, பீலியின் ஓரமாக ஒவ்வொன்றாகத் தூக்கிச் செல்லும். (பாட்டைவிட மனிதப் பேச்சுக்கே அது அஞ்சுகிறது. இரவிரவாக விவாதம் நடத்தும் நமது வானொலிகள் இப்பணிக்கு மிக உகந்தவை. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) எல்லாம் போய்விட்டனவா என்பதைத் தெரிந்துகொள்ள, வாயிலில் பத்திரிகைத் தாளைச் சுருட்டிச் செருகிவையுங்கள். கடுங்குளிரில்லாத நாட்களில் இரண்டு மூன்று இரவு தாள் கலையாமல் இருந்தால் உள்ளே எதுவும் இல்லை என்று கொள்ளலாம். பிறகு தகரத்தாலும் தடித்த கம்பிவலையாலும் வாயிலை மூடி, மரச்சட்டத்தில் திருகாணியால் இறுக்குங்கள். பிளாஸ்ரிக் மூடியும் நுரையும் ரக்கூனின் விரல்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

நிறுவனங்களை அழைப்பதாயின், பணம் பேசுவதற்கு முன், “குட்டிகளை என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். குட்டிகளைக் கையால் எடுத்து, வாயிலுக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்து, தாய் வந்து கொண்டுபோகக் காத்திருப்போம் என்று சொல்பவரே தொழில் தெரிந்தவர். தொலைவில் கொண்டுபோய் விடுவோம் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மாநகர சபை தந்த பூட்டுள்ள பச்சைத்தொட்டியையும் ரக்கூன் கவிழ்த்துத் திறந்துவிடுகிறது. மீன் கழுவிய மறுநாள் காலை முற்றம் முழுவதும் செதிலும் தலையுமாகக் கிடக்கிறது. வேறு என்ன செய்வது?
– ஒரு வாசகர், மல்வேர்ண்

பதில்: ரக்கூனைத் தடுப்பதற்கென்றே வடிவமைத்த தொட்டிகளை ரொறன்ரோ 2016ஆம் ஆண்டிலிருந்து வீடுகளுக்கு வழங்கியது. அதற்குச் செலவான தொகை 3 கோடி டொலருக்கும் அதிகம். திருகிப் பூட்டும் கைபிடியும், லொறியின் இயந்திரக்கை தலைகீழாகக் கவிழ்க்கும்போது மட்டும் தானாக விடுபடும் தாழும் அதில் உள்ளன. ஆனால் கைபிடியைக் கடைசிவரை திருகாமல் விடுவது நம் வீடுகளில் சாதாரணம்; முதலில் அதைப் பாருங்கள். ரக்கூனின் முன்கையில் ஐந்து விரல்கள், மெல்லிய உள்ளங்கை, அபாரமான தொடுவுணர்வு. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கையால் மட்டும் தடவி இடுக்கைக் கண்டுபிடிக்க வல்லது அது. தொட்டி விழுந்துவிட்டால் அதன் வேலை பாதி முடிந்த மாதிரி. எனவே தொட்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, கொளுக்கியுள்ள இழுவைக் கயிற்றால் கட்டுங்கள். கராஜுக்குள் வைக்க இடமிருந்தால் கேள்வியே இல்லை.

இவற்றையெல்லாம்விட எளிய வழி குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதி. மீன் தலை, இறால் கோது, நண்டு ஓடு, ஆட்டெலும்பு ஆகியவற்றைப் பையில் கட்டி உறையவைத்து, குப்பை வண்டி வரும் நாளன்று காலையில் மட்டும் தொட்டியில் போடுங்கள். தொட்டியை முதல்நாள் இரவே தெருவோரம் வைக்காமல், காலை 7 மணிக்கு முன் கொண்டுபோய் வையுங்கள். வீட்டில் முணுமுணுப்பு எழும் என்பதை அறிவோம். ஆயினும் மணம் இல்லாத தொட்டியின் பக்கம் ரக்கூன் மினைக்கெடுவதில்லை.

கேள்வி: புரட்டாதிச் சனிக்கிழமைகளில் விரதம் முடித்துக் காகத்துக்குச் சோறு வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். சென்ற ஆண்டு பின்வளவில் வைத்த சோற்றுக்கு ரக்கூனும் எலியும் வந்ததாக அயலவர் முறையிட்டார். வழக்கத்தை விடத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, மார்க்கம் வீதி, ஸ்காபரோ

பதில்: ரொறன்ரோவில் 2023 ஏப்ரல் முதல், சொந்த வளவுக்குள் என்றாலும் காட்டுவிலங்குகளுக்குத் தீனி வைப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. சிறு பறவைகளுக்கான தீனித்தட்டுக்கு மட்டும், அதைத் துப்புரவாக வைத்திருந்தால், விலக்கு உண்டு. புல்தரையில் வாழையிலை விரித்து வைக்கும் கறிசோறு அந்த விலக்குக்குள் அடங்கும் என்று வாதாட முடியுமென்று எமக்குத் தோன்றவில்லை. உங்கள் அயலவரின் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது, அம்மா.

விரதத்தை விடும்படி நாம் சொல்லவில்லை. காகம் பகலில் உண்பது, பொழுது சாயக் கூடடைவது. ரக்கூன் இருட்டிய பின் வருவது. ஆகவே நிலத்தில் சோறு வைப்பதைத் தவிர்த்து, உயரமான கம்பத்தில் பூட்டிய பறவைத்தட்டில் ஒரு கைப்பிடி எள்ளும் தானியமும் காலையில் இட்டு, மாலைக்கு முன் எஞ்சியதை அகற்றித் தட்டைக் கழுவிவிடலாம். எள் கலந்த படையலே சனீஸ்வரனுக்கு உகந்தது என்று கொள்ளும் வழக்கத்துக்கு இதனால் குறை எதுவும் நேராது. நெய், பருப்பு, பொரியல் சேர்த்த உருண்டைதான் இரவு விருந்தாளிகளை அழைக்கிறது.

கேள்வி: எங்கள் டெக்கின் ஒரே மூலையில் ரக்கூன் நாள்தோறும் மலம் கழிக்கிறது. இரண்டு வயதுப் பேரன் அங்கேதான் விளையாடுவான். பிளீச் ஊற்றிக் கழுவினால் போதுமா?
– ஒரு வாசகர், ஏஜக்ஸ்

பதில்: போதாது. மற்றக் கேள்விகளைவிட உங்களுடையதையே நாம் அவசரமானதாகக் கருதுகிறோம். ரக்கூனின் குடலில் வாழும் ஒருவகை உருளைப்புழுவின் முட்டைகள் அந்த மலத்தில் இருக்கக்கூடும். மனிதருக்குத் தொற்றுவது அரிது; தொற்றினாலோ குடம்பிகள் மூளைக்கும் கண்ணுக்கும் சென்று கடுந்தீங்கு செய்யும். அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். அம்முட்டைகளைப் பிளீச் கொல்லாது, கொதிநீர் கொல்லும்.

புதிதாக விழுந்த மலத்திலுள்ள முட்டை, தொற்றும் பருவத்தை அடைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பது நமக்குச் சாதகம். ஆகவே நாள்தோறும் அகற்றினால் ஆபத்து பெரிதும் குறையும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தூசி எழாதிருக்க முதலில் நீரைத் தெளித்து, வழித்தெடுத்து இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றுங்கள். பேரனை அந்நேரம் வீட்டுக்குள் வைத்திருங்கள். மணற்பெட்டி இருந்தால் இரவில் மூடிவையுங்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது ரக்கூனின் பழக்கமாதலால், அம்மூலையில் பெரிய பூச்சாடிகளை நெருக்கமாக அடுக்கி இடத்தை மறித்துவிட்டால் அது வேறிடம் தேடும்.

கேள்வி: பட்டப்பகலில் ரக்கூன் நடமாடினால் அதற்கு விசர் (ரேபிஸ் நோய்) பிடித்திருக்கிறது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, பிராம்ப்டன்

பதில்: பகலில் வருவது ஒன்றே அடையாளமாகாது, பாலூட்டும் தாய், மே, ஜூன் மாதங்களில் பசி தாங்காமல் பகலிலும் இரை தேடும். தள்ளாடி நடப்பது, கண்ணில் பீளை ஒழுகுவது, ஆளைக் கண்டும் அஞ்சாமல் மந்தமாக நிற்பது ஆகியவையே நோயின் குறிகள். ரொறன்ரோப் பகுதியில் இவ்வாறு தோன்றும் ரக்கூன்களுக்குப் பெரும்பாலும் வந்திருப்பது டிஸ்டெம்பர் என்னும் நோய். அது மனிதருக்குத் தொற்றாது. தடுப்பூசி போடாத நாய்க்குத் தொற்றும். ஆனால் பார்வையால் மட்டும் இதையும் விசரையும் பிரித்தறிய முடியாது. 2015 டிசெம்பரில் ஹமில்ரனில் ரக்கூன் விசர் மீண்டும் தலைகாட்டியது. அதன் பின்னர், தடுப்பு மருந்து அடங்கிய தீனி வில்லைகளை மாகாண அரசு அப்பகுதியில் தூவிவந்தது. காக்கிப் பச்சை நிறமும் இனிப்பு மணமுமுள்ள அந்த வில்லையை எங்காவது கண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எந்தப் பாலூட்டி கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள். ஊரில் நாய்க்கடிக்கு நாம் காட்டிய அச்சத்தை இங்கேயும் காட்டுவதில் தவறில்லை.

கேள்வி: கராஜுக்குள் பூனையளவு பெருத்த ஒரு வெள்ளெலியைக் கண்டேன். மூஞ்சி நீளம், வால் மொட்டை. அடிக்கப் போனால் செத்ததுபோல் விழுந்துவிட்டது!
– ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: நல்லவேளை அடிக்கவில்லை. அது எலியே அல்ல, ஒப்போசம்; கங்காருவைப் போல் குட்டியை வயிற்றுப் பையில் வளர்ப்பது. தெற்கிலிருந்து மெல்ல மெல்ல ஒன்ராறியோவுக்கு ஏறிவந்ததாதலால் இங்குள்ள குளிரில் அதன் காதும் வாலும் அடிக்கடி கருகிப்போகின்றன. கதவைத் திறந்துவைத்து விளக்கை அணைத்துவிடுங்கள், எழுந்து போய்விடும்.

கேள்வி: எங்கள் நாய்மீது ஸ்கங்க் பீச்சிவிட்டது. தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டியும் நாற்றம் போகவில்லை.
– ஒரு வாசகி, பிக்கரிங்

பதில்: தக்காளிச் சாறு வீண்செலவு. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீற்றர், பேக்கிங் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து, உடனேயே நாயின் உடலெங்கும் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் படக் கூடாது. கறுத்த மயிர் சற்று வெளுக்கலாம். மிஞ்சியதைப் போத்தலில் அடைத்து வைத்தால் வாயு பெருகி வெடிக்கும், ஊற்றிவிடுங்கள். ஸ்கங்க் பீச்சுவதற்கு முன் பெரும்பாலும் முன்காலால் நிலத்தை உதைத்து, வாலை நிமிர்த்தி எச்சரிக்கும். அதைக் கண்டதும் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு ஓசையின்றிப் பின்வாங்கினால் அது தன்பாட்டில் போய்விடும். உங்கள் புல்தரையில் சிறு சிறு குழிகள் தென்படுமாயின், வண்டின் புழுக்களைத் தின்னவே அது வருகிறது. புழுவுக்கு வைத்தியம் பார்த்தால் வரவும் குறையும்.