ஹவில்தார் பதில்கள்: நாற்பது பேர் என்ன செய்துவிடுவார்கள்?

கேள்வி: ராணுவ பட்ஜெட்டை வெட்டும்போது, கடல் தாண்டி இருக்கும் சின்ன முகாமை மூடினால் என்ன? நாற்பது பேர் யாரைத் தடுக்க முடியும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தடுக்க முடியாதுதான். ராணுவ சப்ளை பிரிவில் மூட்டை எண்ணியவன் நான். செலவு ஆளுக்கு இல்லை, வழிக்கு. லடாக் போஸ்ட்டுக்கு ஒரு டின் மண்ணெண்ணெய் போய்ச் சேர்வதற்குள் விலை பல மடங்கு ஆகிவிடும். கணக்கு பார்ப்பவர் கண்ணை உறுத்துவது அதுதான்.

சரி, ஃபாக்லாந்துக்கு வாருங்கள். தெற்கு அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசம் இருக்கும் தீவுகள், அர்ஜென்டினாவோ தன்னுடையது என்கிறது. பிரிட்டனிலிருந்து சுமார் 12,800 கிலோமீட்டர். அன்று ஸ்டான்லி ஊருக்கு அருகே மூடி புரூக் முகாமில் ஏறக்குறைய நாற்பது பிரிட்டிஷ் மெரைன் வீரர்கள், ரோந்துக்கு எண்டூரன்ஸ் கப்பல். 1981இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் (John Nott) கொண்டுவந்த சிக்கனத் திட்டத்தில் அந்தக் கப்பலுக்கு ஓய்வு என்று அறிவித்தார்கள். ‘இவர்களுக்கு இந்தத் தீவில் அக்கறை இல்லை’ என்று அர்ஜென்டினா நினைத்துக்கொண்டது. 1982 ஏப்ரல் 2இல் இறங்கியே விட்டது. ஜூன் 14இல் சண்டை ஓயும்போது பிரிட்டன் பக்கம் 255 பேர், அர்ஜென்டினா பக்கம் 649 பேர் செத்துப்போய்விட்டார்கள். அப்புறம் மவுண்ட் பிளசன்ட்டில் பெரிய விமானதளமே கட்ட வேண்டியதாயிற்று. 1985இல் திறந்தார்கள், இன்னும் அதற்குச் செலவு ஓடுகிறது.

பிசானம் அறுத்து நெல் களத்தில் கிடக்கும்போது எங்கள் ஊரில் ஒரு தாத்தாவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைப்போம். திருடனைப் பிடிப்பாரா? மாட்டார், இருமுவார். அது போதும். கட்டில் கயிறுதான் அடிக்கடி மாற்றவேண்டியிருக்கும், அதற்கும் சண்டை வரும்.