விராலும் ஆரலும் எப்படிப் பங்காளிகள்?

அன்புள்ள அக்கா,

போன வாரம் ரங்கூன் மீன் சந்தை பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ‘விராலும் ஆரலும் கிட்டத்துச் சொந்தம்’ என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். எங்கள் தாத்தா பெகுவில் நாற்பது வருடம் மீன் வியாபாரம் பார்த்தவர். அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘ஆரல் பாம்பு ஜாதி, விரால் மீன் ஜாதி. எழுதினவங்க மீன் ஆய்ஞ்சிருக்க மாட்டாங்க’ என்று சிரித்தார். மரபணுவைப் பார்த்துச் சொல்கிறார்கள் தாத்தா என்றேன். ‘அதுல என்னத்தைப் பார்க்கிறாங்க?’ என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரா. மு., பெகு

அன்புள்ள தம்பி,

தாத்தாவுக்கு முதலில் என் வணக்கம். நான் மீன் ஆய்ந்திருக்கிறேன் என்றும் சொல்லிவிடுங்கள். சாம்பல் தொட்டுப் பிடித்தும் ஆரல் வழுக்கும். முதுகில் வரிசையாக நிற்கும் குட்டி முட்கள் கட்டைவிரலைக் கிழிக்கும். சட்டியில் கிடக்கும் ரத்தம் மீனுடையதா என்னுடையதா என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். விராலில் அந்தத் தொல்லை இல்லை. செதிலைச் சுரண்டினால் போதும். கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் சொந்தமாகத் தோன்றாது. பர்மியர்களும் ஆரலை ‘ஙாம்வேதோ’ என்றுதான் சொல்கிறார்கள். ம்வே என்றால் பாம்பு. ஆக, தாத்தா கட்சியில் ஆள் நிறைய.

சரி, மரபணுவில் என்னத்தைப் பார்க்கிறார்கள்? மீனின் துடுப்பு ஓரத்தில் நகக்கண் அளவு நறுக்கி, சாராயச் சத்தான எத்தனாலில் போட்டு வைப்பார்கள். ஃபார்மலினில் போட்டால் மீனின் உருவம் கெடாது, மரபணு கெட்டுவிடும். அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் புட்டிகளில் இருக்கும் பழைய மீன்கள் பல இதனாலேயே வாய் திறப்பதில்லை. துண்டிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் பிசிஆர் இயந்திரத்தில் லட்சக்கணக்கான நகல்களாகப் பெருக்கி, அதன் எழுத்துகளைப் படிப்பார்கள். ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. மைட்டோகாண்ட்ரியா என்னும் செல் உறுப்புக்குள் தனியாக ஒரு டிஎன்ஏ வளையம் இருக்கிறது. மீன்களில் அது ஏறத்தாழ 16,500 எழுத்து நீளம். இன்ன இனம் என்று அடையாளம் காண அதில் 650 எழுத்துப் போல ஒரு துண்டு போதும். பழைய உறவைத் தேட நீளமாகப் படிக்க வேண்டும்.

படித்த பிறகு செய்வது, ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள் செய்த அதே வேலை. ஒரே நூலுக்குப் பத்து ஏடு கிடைக்கிறது. ஏடு எழுதியவர் கை தவறியிருப்பார், அதைப் பார்த்து எழுதியவர் அந்தத் தவறையும் சேர்த்தே எழுதியிருப்பார். எல்லா ஏட்டிலும் சரியாக இருக்கும் வரி உறவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூன்று ஏடுகளில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை மூன்றும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று சந்தேகிக்கலாம். இப்படிப் பல பிழைகள் சேர்ந்து அதையே சொன்னால் சந்தேகம் போய்விடும். மீன் தலைமுறை தலைமுறையாகத் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. கை தவறும் இடங்களைத்தான் ஆராய்ச்சியாளர்கள் எண்ணுகிறார்கள்.

அப்படி எண்ணிப் பார்த்ததில்தான் விரால், பனையேறி, ஆரல், வயலில் வளை தோண்டும் சேற்று விலாங்கு எல்லாம் ஒரே பெருங்குடும்பத்தில் வந்து உட்கார்ந்தன. விராலும் பனையேறியும் ஒரு வீடு. ஆரலும் சேற்று விலாங்கும் அடுத்த வீடு. பிரிந்து பல கோடி வருடம் ஆகிவிட்டது. அதனால் ‘கிட்டத்துச் சொந்தம்’ என்று நான் எழுதியது கொஞ்சம் கூடுதல்தான். பங்காளி என்று சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வீட்டுக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. அது நம் பர்மா நாட்டு மீன்தான். வடக்கே மிச்சினா பக்கம் இந்தோஜி ஏரியில் பிடித்து, 1929இல் பிரசாத், முகர்ஜி என்ற இருவர் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. பெயர் இண்டோஸ்டோமஸ் பாரடாக்ஸஸ். நீளம் மூன்று சென்டிமீட்டர் வந்தாலே அதிகம். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, குச்சி போன்ற உருவம், சின்ன வாய். பார்த்தவர்கள் கடல்குதிரை, குழல்மீன் வகையறாவோடும் ஐரோப்பாவின் ஸ்டிக்கிள்பேக் மீனோடும் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்தால் நானும் அங்கேதான் சேர்த்திருப்பேன். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 75 வகை மீன்களின் முழு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அது கடல்குதிரை வீட்டை விட்டு வெளியே வந்து ஆரல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது.

உருவம் எப்படி ஏமாற்றும் என்று தாத்தாவுக்குச் சொல்ல பர்மிய மொழியிலேயே ஒரு வழி இருக்கிறது. மீனுக்கு ஙா, ஐந்துக்கும் ஙா. எழுத்து ஒன்று, ஒலியும் ஒன்று. (தமிழ் அகராதியில் ‘ங’ வரிசை கிட்டத்தட்டக் காலி, இங்கே மீன்சந்தைக்குப் போனால் கூடைக்குக் கூடை ‘ங’தான்.) பர்மியம் மட்டும் தெரிந்தவர் இரண்டும் ஒரே சொல் என்று நினைத்தால் தப்பில்லை. ஆனால் பர்மியத்துக்கு உறவு மொழியான திபெத்தியத்தில் மீன் ‘ஞ’, ஐந்து ‘ங’. இரண்டு வேறு சொற்கள் தேய்ந்து தேய்ந்து பர்மியத்தில் ஒரே வடிவத்துக்கு வந்திருக்கின்றன. சேற்றில் வளை தோண்டி வாழும் மீன் எந்தக் குலத்தில் பிறந்தாலும் நீண்டு, வழுக்கி, துடுப்பைக் குறைத்துக்கொண்டு பாம்பு போல ஆகிவிடுவதும் அந்த மாதிரிதான். விலாங்கும் சேற்று விலாங்கும் ஒரே அச்சு, ஆனால் உறவே கிடையாது. இன்லே ஏரியின் சௌதுரியா என்ற குட்டி மீனையும் 1918இல் அன்னண்டேல் என்ற விலங்கியலாளர் முதன்முதலாக விவரித்தபோது விலாங்கு வகையாகத்தான் கொண்டார். அடுத்த வருடமே லண்டனில் ரீகன் எலும்பைப் பார்த்து, இது முள் இல்லாத ஆரல் என்றார். மரபணுவும் பின்னால் அதையே சொன்னது. எலும்பு பார்ப்பவர்கள் எப்போதும் தோற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

மரபணு பார்ப்பவர்களுக்கும் சறுக்கல் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் இறங்குவது. ஒருவரின் அம்மா வீட்டை மட்டும் விசாரித்து, அவர் குலமே தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? எப்போதோ இரண்டு இனம் கலந்திருந்தால் தாய்வழிக் கணக்கு ஒன்று சொல்லும், செல்லின் உட்கருவில் உள்ள மரபணு வேறு சொல்லும். அதனால் இப்போதெல்லாம் உட்கருவிலிருந்தும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை எடுத்துச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. பெகு வட்டாரத்து ஓடையிலிருந்து 1986இல் ராபர்ட்ஸ் என்பவர் டானியோனெல்லா டிரான்ஸ்லூசிடா என்ற மீனை விவரித்தார். 12 மில்லிமீட்டர்தான், உடம்பு கண்ணாடி. மண்டையைத் திறக்காமலே மூளை வேலை செய்வதைப் பார்க்கலாம் என்பதால் வெளிநாட்டு ஆய்வகங்கள் அந்த மீனை வளர்த்தன. 2021இல் எலும்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஆய்வகத் தொட்டியில் இருந்தது அதுவே இல்லை! அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் வேறு இனம். இரண்டுமே பெகு யோமா மலைத்தொடரின் தெற்குச் சரிவைச் சேர்ந்தவை. புதியதற்கு டானியோனெல்லா செரிப்ரம் என்று பெயர் வைத்தார்கள். செரிப்ரம் என்றால் மூளை. அதற்குள் அந்த மீனை வைத்துப் பழைய பெயரிலேயே கட்டுரைகள் வந்துவிட்டிருந்தன.

கடைசியாகத் தாத்தாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். விராலும் பனையேறியும் சேற்று விலாங்கும் மேலே வந்து காற்றைக் குடிக்கும். பங்காளிகள் என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டலாமே என்று தோன்றும். ஆனால் மொஹிங்கா என்னும் பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸில் கரைக்கும் கெளுத்தி இனமான ஙாகூவும் காற்றைக் குடிக்கிறது, அதற்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆரலும் சேற்றில் அப்படிச் சமாளிக்கும் என்று படித்திருக்கிறேன். நனைந்த சாக்கில் விராலையும் ஆரலையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் எது முதலில் சாகும், எவ்வளவு நேரத்தில் சாகும்? நாற்பது வருடம் சாக்கைத் திறந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
அக்கா